அடித்தாரைச் சொல்லி அழு

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவை ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டுச் செய்திருக்கும் நூலகர் தங்கை அவர்களே, ஊர்ப் பெரியவர்களான அம்பலகாரர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். இந்தச் சித்திரை வெயிலில் மண்டபத்தைக் காசு வாங்காமல் திறந்துவிட்ட அண்ணனுக்கும், மத்தியானத்திலிருந்து மைக் செட் கட்டிக்கொண்டிருந்த தம்பிகளுக்கும் தனி வணக்கம். முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அப்பத்தாமார்களுக்கு வணக்கம் மட்டும் போதாது. இன்றைக்கு நான் பேசப்போகிற சொத்து அவர்களுடையது.

‘என்னைத் தொட்ட பாட்டு வரிகள்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சினிமாப் பாட்டைப் பேசுவேன் என்று பலர் நினைத்து வந்திருப்பீர்கள். டி.எம்.சௌந்தரராஜன் பிறந்த மதுரையில் அதைப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் எடுத்துக்கொண்டது ஓர் ஏற்றப்பாட்டு, ஒரு தாலாட்டு, ஓர் ஒப்பாரி. மூன்றுக்கும் எழுதியவர் பெயர் கிடையாது. ‘பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்’ என்பார்கள். நான் எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. வாய்விட்டுப் பாடினால் ராகம் வளரும். நோயை மூடி வைத்தால் நோய் வளரும். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன பெரியவர்கள் விவரமானவர்கள்.

முதலில் ஏற்றப்பாட்டு. கம்பரைப் பற்றி வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. பிள்ளைகள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பர் ஒருநாள் வயல் வழியே நடந்து போகிறார். வரப்போரக் கிணற்றில் ஒருவர் ஏற்றம் இறைக்கிறார். படித்தவர் இல்லை. இடுப்பில் ஒரு துண்டு, தோளெல்லாம் வேர்வை. சால் மேலே வரவர அவர் பாடுகிறார்: ‘மூங்கில் இலைமேலே தூங்கும் பனிநீரே.’ கம்பர் நின்றுவிட்டார். விடியற்காலையில் மூங்கில் இலை நுனியில் ஒரு துளி தொங்குகிறது. சரி, அடுத்த அடி என்ன? அதற்குள் ஏற்றக்காரர் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். கம்பருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. ராமகாதை பாடிய வாய்க்கு அந்த ஒரு வரிக்கு ஜோடி கிடைக்கவில்லை. புரண்டு புரண்டு படுத்தார். மறுநாள் இருட்டோடு இருட்டாக அதே வரப்பில் வந்து காத்து நின்றார். ஏற்றக்காரர் வந்தார், ஏற்றத்தில் ஏறினார், விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்: ‘தூங்கும் பனிநீரை வாங்கும் கதிரோனே!’ துளியைத் தொங்கவிட்டவர், சூரியனைக் கூப்பிட்டு அதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கம்பர் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். ‘ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை’ என்ற பழமொழிக்கு இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

(கைதட்டியவர்களுக்கு நன்றி. இதோ, கூட்டுறவுச் சங்கத்துப் பெரியவர் வந்துவிட்டார். வாருங்கள் ஐயா, மேடைக்கே வாருங்கள். இந்த வயதில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார், அவருக்கு ஒரு கைதட்டுக் கொடுங்கள்.)

இந்த வரி எனக்கு ஏன் பெரிது? நம் பக்கத்தில் கமலை. இரண்டு மாடு வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும், கூனை நிறையத் தண்ணீர் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும், மாடு பின்னாலேயே ஏறி வரும். என் தாத்தா வடத்தின் மேல் உட்கார்ந்து இந்த வரியைப் பாடியதை நான் கேட்டிருக்கிறேன். மாடு இறங்கும்போது ஒரு வரி, ஏறும்போது அடுத்த வரி. மோட்டார் வந்ததால் பாட்டு போயிற்று என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மோட்டார் வந்த பிறகும் நடவுப் பாட்டு இருந்ததே! எங்கள் கிணறு கண்மாய்க்கரைக்குக் கீழே இருந்தது. கண்மாய் நிறைந்தால் கிணறு ஊறும், கிணறு ஊறினால் நடவு நடக்கும், நடவு நடந்தால் இந்த அப்பத்தாமார்கள் வரிசையாக நின்று குலவை போடுவார்கள். கண்மாயில் சீமைக்கருவேலம் ஏறிய பிறகு எதைப் பார்த்துக் குலவை போடுவது?

அடுத்து தாலாட்டு. இது தெரியாத வீடு நம் பக்கத்தில் இல்லை.

‘ஆரடிச்சு நீயழுத
அடிச்சாரைச் சொல்லியழு
மாமன் அடிச்சாரோ
மல்லியப்பூச் செண்டாலே
அத்தை அடிச்சாளோ
அரளிப்பூச் செண்டாலே.’

என் தம்பியைத் தொட்டிலில் போட்டு எங்கள் அப்பத்தா இதைப் பாடுவாள். அந்த வருஷம் எங்கள் வயலுக்கு வரும் வாய்க்காலில் மேல்பக்கத்துக்காரர் மண்ணை வெட்டிப் போட்டு மறித்துவிட்டார். அவர் சொந்தக்காரர், அப்பாவுக்கு மாமன் முறை. நாற்று பழுத்துக்கொண்டிருந்தது. அப்பா யாரிடமும் வாய் திறக்கவில்லை, ராத்திரியில் திண்ணையில் உட்கார்ந்தே இருந்தார். அப்பத்தா தொட்டில் கயிற்றை நிறுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “பச்சப்புள்ளைக்கே அடிச்சாரைச் சொல்லியழுன்னு பாடுறேன். நீ ஏன்டா மூடி வச்சிருக்க?” மறுநாள் காலையில் அப்பா ஊர்க்கூட்டம் நடக்கும் சாவடிக்குப் போய்ப் பேரைச் சொன்னார். சாயங்காலம் மண்ணை அள்ளிவிட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு அது தூங்க வைக்கும் பாட்டாகப் படவில்லை. பாருங்கள், அடித்தவர் மாமன். அடித்தது மல்லிகைப்பூச் செண்டால். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவு மென்மையான பூ. ஆனாலும் தாய் விடவில்லை. சொந்தமாக இருந்தாலும், பூவால் அடித்தாலும், பேரைச் சொல்லி அழு என்கிறாள். மூட மூட ரோகம்!

நம் கண்மாய்க்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் நான் பஸ் ஏறி வந்தேன். வெளியிலிருந்து ஆபத்து வந்தபோது நம் மேலூர் பகுதி சும்மா இருந்ததா? அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அந்த ஊரையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, 2025 ஜனவரி 7ஆம் தேதி இங்கிருந்து மதுரை தல்லாகுளம் வரைக்கும் சனம் திரண்டு போனது. அதே மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. அடித்தாரைச் சொல்லி அழுதோம், ஜெயித்தோம். ஆனால் நம் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால்வாயை மறித்தது யார்? வெளியூர்க் கம்பெனியா? மாமனும் மச்சானும் பங்காளியும்தான். அதனால்தான் யாருக்கும் வாய் வரவில்லை. தல்லாகுளத்தில் இன்றைக்குக் குளம் இருக்கிறதா? பீபிகுளத்தில் இருக்கிறதா? 2024 அக்டோபரில் மழை கொட்டியபோது செல்லூர்த் தெருக்களில் தண்ணீர் ஏறியதை எல்லோரும் பார்த்தோம். தண்ணீர் போகும் தடத்தை மறித்தால் அது வீட்டுக்குள்தான் வரும்.

கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியே மறுகால் பாய்வதைப் பார்த்த பிள்ளை இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? கண்மாய் வற்றும்போது ஊத்தா, கச்சா என்று மீன்பிடிக்கிற சாமானைத் தூக்கிக்கொண்டு ஊரே சேற்றில் இறங்கும் மீன்பிடித் திருவிழா, பக்கத்து ஊர்களில் இன்னும் நடக்கிறது. நம் ஊரில் நடக்க வேண்டாமா?

ஒப்பாரியைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். தலைமையாசிரியர் ஐயா பரிசளிப்புக்குப் பிள்ளைகளைக் காக்க வைத்திருக்கிறார், அதனால் அதற்குள் போகவில்லை. அப்புறம், நல்ல காரியம் தொடங்கும் இடத்தில் ஒப்பாரி வேண்டாம் என்று மனமும் சொல்கிறது.

வருகிற மே 1 கிராம சபை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று அடுத்தடுத்து வந்தாலும், மழைக்கு முன்னால் வேலை நடக்க வேண்டும் என்றால் மே 1ஐ விட்டுவிடக் கூடாது. கண்மாயையும் வரத்துக்கால்வாயையும் சர்வேயரை வைத்து அளந்து கல் நட வேண்டும், கருவேலத்தைத் தூரோடு எடுக்க வேண்டும், மடையைப் பழுது பார்க்க வேண்டும். இந்த மூன்றும் தீர்மானமாக ஏற வேண்டும். மனு எழுதியாகிவிட்டது, நூலகர் தங்கையிடம் இருக்கிறது. என் சித்தப்பா மகன் வளைத்துப் போட்டிருக்கும் இடத்தைத்தான் முதல் வரியில் எழுதியிருக்கிறேன். நீங்களும் அவரவர் வீட்டு ஆளிலிருந்து தொடங்குங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத அப்பத்தாமார்களுக்கு மேடைக்கு இடப்பக்கம் மைப்பெட்டி வைத்திருக்கிறது. பரிசளிப்பு முடிந்ததும் யாரும் கலைய வேண்டாம். நன்றி, வணக்கம்.