கொடுத்தவர் கை தெரிவது பின்னிய சட்டையில்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"சொந்தபந்தத்தின் நினைவில் நிற்பது கையால் பின்னித் தந்த உடையா, கடையில் எடுத்துத் தந்த உடையா?" இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணியில் பேசிய அம்மா மூன்று கேள்வி கேட்டார்கள். மதுரை வெயிலுக்குப் பின்னல் சட்டை எதற்கு? நாள்கணக்கில் பின்னியது உடம்புக்குச் சேராமல் போனால் என்ன செய்வது? பிள்ளை ஒரே வருஷத்தில் வளர்ந்துவிட்டால் அந்தச் சட்டை யாருக்கு?

முதல் கேள்விக்குப் பருத்தி நூல்தான் பதில். நாம் தினம் போடும் பனியனே பின்னல் துணிதான், அம்மா. நான்கு இழைப் பருத்தி நூலில் கை வைக்காத மேல்சட்டை பின்னினால் மாசி, பங்குனி வரைக்கும் போடலாம். ஆனால் பருத்திக்கு ஒரு குணம் உண்டு: இழுத்தால் நீளும், உல்லன் போலத் திரும்பச் சுருங்காது. அதனால் அடிப்பட்டை ரிப்பை, அதாவது சட்டையின் அடியில் வரும் வரிப் பின்னலை, இரண்டு நம்பர் மெல்லிய ஊசியில் போட வேண்டும். துவைத்த பின் கொடியில் தொங்கவிடவே கூடாது. ஈரத்தின் எடையே சட்டையை முழங்கால் நோக்கி இழுத்துவிடும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, பாயில் விரித்து, நிழலில் காய வையுங்கள். கொடைக்கானலில் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் உல்லன் எடுங்கள். அது 2,100 மீட்டர் உயரம், அங்கே பருத்தி போதாது.

அடுப்படியில் நிற்பவருக்கும், விளக்கேற்றும் பாட்டிக்கும் அக்ரிலிக் நூல் வேண்டாம். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

சேராமல் போவதைப் பற்றிக் கேட்டார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் மாதிரித் துண்டு பின்னாததுதான். சுற்றளவு 100 சென்டிமீட்டர் வேண்டும், பின்னல் குறிப்பில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, அதாவது ஊசியில் ஏற்றும் நூல் வளையம், என்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 220 கண்ணி போடுகிறோம். நம் கை கொஞ்சம் தளர்ந்து 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணிதான் விழுகிறது என்றால் அதே 220 கண்ணி 110 சென்டிமீட்டர் ஆகிவிடும். இரண்டு கண்ணி வித்தியாசம், கிட்டத்தட்ட அரைச் சாண் கூடுகிறது! முதலில் 15 சென்டிமீட்டர் சதுரமாக மாதிரித் துண்டு பின்னி, துவைத்துக் காயவைத்து, நடுவில் அளந்து பார்த்தால் இது நடக்காது. ஓரத்தில் அளந்தால் கணக்குத் தப்பும்.

ஊசி நம்பரிலும் ஒரு பொறி இருக்கிறது. நாம் பழகிய பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8 என்றால் 4 மில்லிமீட்டர். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் குறிப்பில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். அங்கே நம்பர் ஏறினால் ஊசி தடிக்கும். நம்பரை நம்பாமல் மில்லிமீட்டரைப் பாருங்கள்.

தாய்மாமன் சீர்த்தட்டில் வைக்கும் குழந்தைச் சட்டைக்கு இன்னும் கவனம் வேண்டும். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர், மார்பைவிடக் கொஞ்சம் பெரிது. மார்பளவு சரியாக இருந்தும் சட்டை தலையில் இறங்காமல் போவதற்குக் காரணம் கழுத்தை இறுக்கி முடித்ததுதான். தடித்த ஊசியில் தளர முடியுங்கள், அல்லது ஒரு தோளைத் திறந்துவிடுங்கள். பொத்தான் பிய்ந்தால் வாய்க்குள் போகும். ஓட்டைப் பின்னலில் பிஞ்சு விரல் மாட்டும். நெருக்கமான பின்னலே நல்லது.

இப்போது மூன்றாவது கேள்வி, நடுவர் அவர்களே. எங்கள் அணி நிற்பதே இதன் மேல்தான். கடைச் சட்டை பெரும்பாலும் மெஷின் பின்னலை வெட்டி, ஓரத்தில் ஓவர்லாக் போட்டுத் தைத்தது. பிரித்தால் முழம் முழமாகத் துண்டு நூல்தான் வரும். கைப்பின்னலில் தையலை மட்டும் பிரித்து, கடைசியாக முடித்த இடத்திலிருந்து இழுத்தால் நூல் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். அதை நாற்காலி முதுகில் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக, சுற்றி, நான்கு இடத்தில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவைத்துத் தொங்கவிடுங்கள். உல்லனாக இருந்தால் சுருள் பெரும்பாலும் நீங்கிவிடும். முழங்கையில் தேய்ந்த நூலை மட்டும் வெட்டி எறியுங்கள். வளர்ந்த பிள்ளைக்கு அந்த நூல் போதாதுதான். சட்டைக் கையில் வேறு நிறத்தில் நான்கு பட்டை சேர்த்தால் சரியாகிவிடும். வெந்நீரில் துவைத்துக் கம்பளமாக இறுகிப்போன உல்லனும், மயிர் நீண்ட நூலும் மட்டும் பிரியாது.

அண்ணன் போட்டது தம்பிக்கு வரும்போது பழையதாக வராமல், தம்பியின் அளவுக்கே புதிதாக வருகிறது. அம்மா பின்னிய நூல் மகள் கையில் மறுபடி ஏறுகிறது. இதைவிட நினைவு வேறு எதில் நிற்கும்? அசல் சுங்குடிச் சேலையின் ஒவ்வொரு புள்ளியும் விரலால் முடிச்சிட்டது என்று தெரிந்த ஊர் இது. இந்த ஊருக்கு நான் விரலின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னித் தருபவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சட்டையோடு 10 கிராம் மிச்ச நூலும், ஊசி அளவும் மொத்தக் கண்ணியும் எழுதிய சீட்டும் வைத்துக் கொடுங்கள். ஓட்டை விழுந்தால் அதே நிறத்தில் அடைக்கலாம். பிரித்துப் பின்னுபவருக்கு அந்தச் சீட்டு உதவும்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.