உங்கள் விசாக் கோப்பை நீங்களே படியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் ஜெர்மன் மொழி சொல்லித்தருகிற ஆசிரியை நான். என்னிடம் படிக்க வருகிறவர்களில் நிறையப் பேர் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். கணவர் மியூனிக்கிலோ ஸ்டுட்கார்ட்டிலோ வேலை பார்ப்பார். விடுப்பில் வந்து, தாலி கட்டி, மறுவீட்டு விருந்தும் முடிந்து திரும்பிப் போயிருப்பார். இந்தப் பெண் தாம்பரத்திலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ மின்சார ரயிலேறி வகுப்புக்கு வந்துகொண்டிருப்பாள். தமிழ்நாட்டுச் செவிலியர்கள் பலர் இப்போது ஜெர்மனிக்குப் போவதால், மனைவியிடம் போய்ச் சேரக் காத்திருக்கும் கணவர்களும் வகுப்பில் உண்டு.

விசா எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் பெண்களிடமிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அவர் பார்த்துக்குவார் மேடம்." இல்லையென்றால், "மாமனார் ஏஜென்ட்கிட்ட குடுத்திருக்கார்." எனக்குக் கவலை தருவது இந்தப் பதில்தான். குடும்ப உறவின் பேரில் அந்த நாட்டில் குடியிருக்கப் போகிறவர் நீங்கள். விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் கைரேகை, உங்கள் கையெழுத்து. அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். இன்று உங்களோடு பேச வந்திருப்பது அதைப் பற்றித்தான்.

கோப்பு தொடங்கும் இடம் ஜெர்மனி இல்லை, நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்த மதத்தினராக இருந்தாலும் திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றி நடந்த சுயமரியாதைத் திருமணமா? 1967-இல் வந்த திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தது, அதன்படி அதுவும் முழுமையான திருமணம். பதிவுக்குத் தயங்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை விமானம் ஏறுவதற்குள் இருவரும் நேரில் போய்ப் பதிவை முடித்துவிடுங்கள். கல்யாணப் பத்திரிகையில் சில பிரதிகளை எடுத்து வையுங்கள். பதிவின்போது கேட்பார்கள், பின்னாலும் கேட்கலாம்.

அடுத்தது பெயர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழர்களின் கோப்புகள் அதிகமாகச் சிக்கிக்கொள்வது இங்கேதான். பெண்ணின் பெயர் கவிதா, அப்பா சுப்பிரமணியன், கணவர் கார்த்திக் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் எஸ். கவிதா. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதி, கவிதா சுப்பிரமணியன். கல்யாணத்துக்குப் பிறகு யாரோ சொன்னார்கள் என்று ஆதாரில் இனிஷியலை மாற்றியதால் கே. கவிதா. திருமணச் சான்றிதழில் இவற்றில் எது வந்தது என்று யாருமே கவனிக்கவில்லை. நமக்கு இவை எல்லாம் ஒரே பெண். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், சொந்தப் பெயர் என்று இன்னொரு கட்டம் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு மூன்று ஆட்கள்.

பாஸ்போர்ட்டில் எது எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அதுவேதான் விசாவுக்குப் போகும். பிறகு குடியிருப்பு அட்டைக்கும் வங்கிக் கணக்குக்கும் போகும். அதனால் சார்பதிவாளர் முன் உட்காரும்போது பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கல்யாணம் ஆனதும் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று இந்தியச் சட்டம் எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்தவில்லை. அப்பா பெயரோடு இருந்த பாஸ்போர்ட்டோடு போனால் விசா கிடைக்காது என்று உறவினர்கள் பயமுறுத்துவார்கள். அதை நம்பி அவசரமாகப் பெயரை மாற்றினால், பழைய சான்றிதழ்கள் அத்தனைக்கும் விளக்கம் எழுத வேண்டி வரும். என்னைக் கேட்டால், மாற்றாமல் இருப்பதே நல்லது.

பிறப்புச் சான்றிதழையும் இன்றே எடுத்துப் பாருங்கள். நம்மில் பலருடைய சான்றிதழில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. பிறந்த கையோடு பதிவு செய்திருப்பார்கள், பெயர் வைத்தது அப்புறம். மாநகராட்சியிலோ நகராட்சியிலோ பெயரைச் சேர்க்க வழி இருக்கிறது, ஆனால் நாள் பிடிக்கும். விசா நேர்காணலுக்குத் தேதி வந்த பிறகு ஓடினால் முடியாது.

பாரிமுனைப் பக்கம் போனால் 'அப்போஸ்டில் செய்து தரப்படும்' என்று பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டில் ஒரு சான்றிதழை ஏற்றுக்கொள்வதற்கான முத்திரை அது. 2005-இல் இந்தியா அந்த முத்திரைக்கான ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் அந்த முத்திரை இரு நாடுகளுக்கும் இடையே செல்லாது. சான்றிதழ் உண்மையா என்று சந்தேகம் வந்தால் ஜெர்மன் தரப்பு இங்கேயே ஆள் வைத்துச் சரிபார்க்கும். பதிவேட்டைப் போய்ப் பார்ப்பார்கள், சில நேரம் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் வந்து விசாரிப்பார்கள். செலவு உங்களுடையது. முன்பின் தெரியாத ஒருவர் வந்து கல்யாணம் எங்கே நடந்தது என்று கேட்டால் மிரளாமல் உள்ளதைச் சொல்லும்படி வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வேறு நாட்டு விசாவுக்கு அப்போஸ்டில் தேவைப்படலாம். எந்த நாடு, என்ன கேட்கிறது என்று பார்க்காமல் கடைக்காரரிடம் பணம் கட்டாதீர்கள்.

விசாக் கட்டணம் பெரியவர்களுக்குப் பொதுவாக 75 யூரோ, பதினெட்டு வயதுக்குக் கீழே அதில் பாதி. விண்ணப்பம் கொடுத்த பிறகு ஏன் இத்தனை மாதம் ஆகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். முடிவு சென்னை போட் கிளப் சாலையில் இருக்கிற ஜெர்மன் துணைத் தூதரகத்தில் மட்டும் எடுக்கப்படுவதில்லை. பெரும்பாலான குடும்பக் கோப்புகள் உங்கள் கணவரோ மனைவியோ வசிக்கிற ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போய், அங்கே ஒப்புதல் வாங்கித் திரும்ப வேண்டும். வீட்டு வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாம் பார்க்கப்படுவது அங்கேதான். ஒரு ஊரில் சீக்கிரம் முடியும், இன்னொரு ஊரில் இழுக்கும். பணம் கொடுத்தால் முன்னால் தள்ளிவிடுவேன் என்று சொல்கிற ஏஜென்டை நம்பவே நம்பாதீர்கள்.

மொழித் தேர்வு பற்றிச் சொல்லாமல் போனால் என் மாணவிகள் கோபித்துக்கொள்வார்கள். ஜெர்மன் குடிமகனையோ குடிமகளையோ மணந்து போகிறவர்களுக்குப் பொதுவாக ஏ1 என்கிற தொடக்க நிலைச் சான்றிதழ் வேண்டும். நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. கணவர் ப்ளூ கார்டு, அதாவது உயர்தகுதிப் பணியாளருக்கான அனுமதி, வைத்திருந்தால் மனைவிக்கு அது கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லை என்று தெரிந்ததும் வகுப்பைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். ஏ1 எழுத்துத் தேர்வின் முதல் பகுதி ஒரு படிவத்தை நிரப்புவது. பேச்சுத் தேர்வில் உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும். அங்கே போய் இறங்கிய முதல் மாதத்தில் நீங்கள் செய்யப்போகிற வேலையும் இதே தான்.

போனதும் இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கும் உறுதிக் கடிதம் வேண்டும். தபால் பெட்டியில் கணவர் பெயரோடு உங்கள் பெயரையும் ஒட்டச் சொல்லுங்கள். அங்கே அலுவலகக் கடிதங்கள் இன்னும் தபாலில்தான் வருகின்றன, பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும். விசா முடியும் முன்பே வெளிநாட்டினர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். உரிய காலத்தில் விண்ணப்பித்திருந்தால், அட்டை வரத் தாமதமானாலும் இடைக்காலச் சான்று ஒன்று தருவார்கள். கணவர் அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், வருமானம் இல்லாத மனைவியைத் தனிச் சந்தா இல்லாமல் அதிலேயே சேர்க்கலாம். குடும்ப உறவின் பேரில் வாங்கிய அனுமதியில் நீங்கள் வேலைக்கும் போகலாம். "டிபென்டன்ட் விசா, வேலை பார்க்க முடியாது" என்று இங்கே பரவலாக நம்புகிறார்கள், ஜெர்மனியைப் பொறுத்தவரை அது தவறு. ஒருங்கிணைப்புப் பாடத்திட்டம் என்று 700 மணி நேர வகுப்பும் இருக்கிறது. அதில் 600 மணி மொழி, 100 மணி அந்நாட்டுச் சட்டமும் வரலாறும் வாழ்க்கை முறையும். வீட்டிலேயே அடைந்து கிடக்காமல் போய்ச் சேருங்கள்.

பெற்றோரை அழைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 மார்ச் 1 அல்லது அதற்குப் பிறகு முதன்முறையாக அனுமதி பெற்ற திறன்மிகு பணியாளர்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. செலவையும் மருத்துவக் காப்பீட்டையும் பிள்ளைகள் ஏற்க வேண்டும். வயதானவர்களுக்கு அந்தக் காப்பீடு கிடைப்பது எளிதில்லை. விசாரித்துவிட்டு ஆசை வையுங்கள்.

இனி நான் சொல்லப்போவதை வகுப்பில் சொன்னால், கல்யாணமான புதிதில் ஏன் மேடம் இந்தப் பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் அனுமதி தொடக்கத்தில் உங்கள் திருமணத்தைச் சார்ந்தே இருக்கும். ஜெர்மனியில் இருவரும் மூன்று ஆண்டு சேர்ந்து வாழ்ந்த பிறகு, உறவு முறிந்தாலும் உங்களுக்குத் தனியாகக் குடியிருக்கும் உரிமை வருகிறது. குடியிருப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு அது. அனுமதியோடு அங்கே சேர்ந்து வாழும்போது கணவர் இறந்துபோனால் மூன்று ஆண்டுக் கணக்கு இல்லை. கடுமையான துன்பம் இருந்தாலும் அந்தக் கணக்கு பார்க்கப்படாது. வீட்டு வன்முறை அப்படிப்பட்ட துன்பம்தான் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

இதைப் பெண்ணைப் பெற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். மகள் அழுதுகொண்டே போன் செய்தால், முதலில் எடுப்பது நீங்கள்தான். "மூணு வருஷம் எப்படியாவது பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அடி வாங்குகிற பெண்ணிடம் சொல்லாதீர்கள் அம்மா. சட்டம் அவளிடம் அதைக் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்து ஒளித்து வைத்துக்கொள்ளும் உரிமையும் யாருக்கும் கிடையாது. எல்லாச் சான்றிதழ்களின் நகலும் அவளுடைய சொந்த மின்னஞ்சலில் இருக்கட்டும், ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும். பெர்லினில் இந்தியத் தூதரகமும், ஃபிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க், மியூனிக் ஆகிய ஊர்களில் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. வெளிநாட்டில் கைவிடப்பட்ட பெண்களுக்கு உதவ இந்திய அரசின் சமூக நல நிதியும் உண்டு. ஜெர்மனிக்குள் இருந்து, இரவோ பகலோ, கட்டணமில்லாமல் பெண்கள் அழைக்கக்கூடிய உதவி எண் 116 016. இன்னொரு முறை சொல்கிறேன், ஒன்று ஒன்று ஆறு, சுழியம் ஒன்று ஆறு. புறப்படும் முன் மகளின் கைப்பேசியில் இதைப் பதிந்து கொடுங்கள். நன்றி, வணக்கம்.