கிழிந்துபோன வரைபடம்

அனைவருக்கும் வணக்கம். 'என்னை எழுத வைத்த புத்தகம்' என்று தலைப்புக் கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இந்த மாதிரித் தலைப்புக்கு மேடையேறுகிறவர்கள் பெரும்பாலும் கனமான நூல் ஒன்றின் பேரைச் சொல்வார்கள். நானும் அப்படி ஒன்றைத்தான் யோசித்து வைத்திருந்தேன். மனசாட்சி ஒப்பவில்லை. பத்து வயதில் நான் இரவல் வாங்கி, திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வைத்திருந்தது ஒரு கடற்கொள்ளையர் கதை. ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு'.

என் கைக்கு வந்த பிரதியில் ஒரு குறை. கதை முழுக்க ஒரு வரைபடத்துக்காகத்தான் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். அந்த வரைபடம் புத்தகத்தின் முன்பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் படித்த எவனோ அதைக் கிழித்துக்கொண்டு போய்விட்டான். தையலோடு ஒட்டியிருந்த விரலகல ஓரம்தான் மிச்சம். அவன் மேல் அன்றைக்கு இருந்த ஆத்திரம் இப்போது இல்லை. புதையல் வரைபடத்தைத் திருடியவன், யோசித்துப் பார்த்தால், கதையை நன்றாகப் புரிந்துகொண்டவன்.

முதல் தடவை கதைக்காகப் படித்தேன். ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்துகொண்டு, கப்பலில் வரும் கொள்ளையன் ஒற்றைக்கால் சில்வர் போடும் சதியை, கதை சொல்லும் சிறுவன் ஜிம் கேட்கிற இடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் போல நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் தடவை பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்தேன். வரைபடத்தை நானே போட்டுவிடுவது என்று முடிவு.

தீவு ஒன்பது மைல் நீளம், ஐந்து மைல் அகலம், எழுந்து நிற்கிற கொழுத்த டிராகனைப் போல இருக்கும் என்று ஓரிடத்தில் வருகிறது. எனக்கு டிராகன் வரவில்லை, வாத்துதான் வந்தது. நடுவே ஸ்பைகிளாஸ் குன்று. தெற்கே நங்கூரம் போடும் இடம். அதுவரைக்கும் சுலபம். ஜிம் தனியாகச் சின்னத் தோணியில் ஏறிக் கப்பலைத் தேடிப் போனதும் வந்தது வினை. மேற்குக் கரையோரமாக நீரோட்டம் வடக்கே இழுக்கிறது என்று இருக்கிறது. நானோ கப்பலைக் கிழக்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்தது. புதுத் தாள், மறுபடி முதலிலிருந்து.

அப்படி நாலைந்து தாள் வீணானபோதுதான் ஒன்று பிடிபட்டது. இந்த மனிதர் எங்கே தூரம் சொல்கிறார், எங்கே சொல்லாமல் தாண்டுகிறார் என்பது. ஆபத்து காத்திருக்கிற இடத்தில் காலடி காலடியாக நடத்திக்கொண்டு போகிறார். ஒன்றும் நடக்காத காட்டை அரை வரியில் கடந்துவிடுகிறார். எழுத்து என்பது ஒருவர் உட்கார்ந்து செய்கிற வேலை, இதைப் போடலாமா விட்டுவிடலாமா என்று அவர் யோசித்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் கதைகள் தாமாக இருக்கின்றன என்றே நினைத்திருந்தேன்.

என் வரைபடத்தில் வடமேற்கு மூலை வெறுமையாக இருந்தது. கப்பல் அதைக் கடந்து போகிறது, கதையில் யாரும் அங்கே இறங்குவதில்லை. வெற்றிடம் கண்ணை உறுத்தியது. ஒரு குடிசை போட்டேன். குடிசை என்றால் ஆள் வேண்டுமே, ஒரு கிழவனை வைத்தேன். அடிபட்ட ஒருவன் தளத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு பையன் கப்பலை ஓட்டிக்கொண்டு போவதை அந்தக் கிழவன் கரையிலிருந்து பார்க்கிறான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டரைப் பக்கம். நான் எழுதிய முதல் கதை அதுதான். கிழவன் யாரென்று கேட்டால், அதே தீவில் மூன்று ஆண்டு தனியாகக் கிடந்த பென் கன்னைப் பார்த்து அடித்த காப்பி. ரொம்ப நாள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

பெரியவனான பிறகு, அந்த நாவல் பிறந்த கதையை ஸ்டீவன்சனே எழுதிய கட்டுரையில் படித்தேன். 1881இல் ஸ்காட்லாந்தின் பிரேமரில் விடுமுறை. ஓயாத மழை. வளர்ப்பு மகன் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்க, கூட உட்கார்ந்து இவரும் ஒரு தீவின் வரைபடத்தைப் போடுகிறார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில்தான் மாந்தர்கள் முளைக்கிறார்கள். பதினைந்து நாளில் பதினைந்து அத்தியாயம், பதினாறாவதில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பிறகு சுவிட்சர்லாந்தின் டாவோஸில் வைத்து முடித்தார். கலங்கரை விளக்கம் கட்டுகிற பொறியாளரான அப்பா, கதையின் தொடக்கத்தில் வரும் கிழட்டு மாலுமி பில்லி போன்ஸின் பெட்டியில் என்னென்ன இருந்தன என்று ஒரு உறையின் பின்புறத்தில் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். மகன் அதை அப்படியே கதையில் சேர்க்கிறார். சில்வரின் கிளி 'ராபின்சன் குரூசோ'விலிருந்து வந்தது, எலும்புக்கூடு எட்கர் ஆலன் போவிடமிருந்து, பெட்டியும் கிழட்டு மாலுமியும் வாஷிங்டன் இர்விங்கிடமிருந்து என்று ஒப்புக்கொள்கிறார், இர்விங்கின் கடன் மனசை உறுத்துகிறது என்றும் சேர்த்து. பென் கன் விஷயத்தில் எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

ஆனால் என்னை உட்காரவைத்தது அதற்கு அடுத்த விஷயம். 1883இல் புத்தகமாக வரும்போது, கையெழுத்துப் படியோடு அனுப்பிய அந்த வரைபடம் பதிப்பகத்துக்கு வந்தே சேரவில்லை. ஸ்டீவன்சன் தன் நாவலையே முதலிலிருந்து எடுத்து, தீவைப் பற்றி எங்கெங்கே என்ன சொல்லியிருக்கிறோம் என்று குறிப்பெடுத்து, காம்பசை வைத்துக்கொண்டு, கதைக்குப் பொருந்துகிற மாதிரி இன்னொரு வரைபடம் போட்டிருக்கிறார். அப்பாவின் அலுவலகத்தில் உட்கார்ந்து. கதையில் புதையலைப் புதைத்த கொள்ளையன் கேப்டன் ஃபிளிண்டின் கையெழுத்தை அப்பாவே போலியாகப் போட்டுக் கொடுத்தார். இத்தனையும் செய்தும், இந்த இரண்டாவது படம் தனக்குப் புதையல் தீவாகவே படவில்லை என்று எழுதுகிறார்.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்பவில்லை. எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் கொடுக்கலாம் என்று பெற்றோர்கள் என்னிடம் கேட்பதுண்டு. எனக்கு வாய்த்ததைப் போல ஒரு பக்கம் குறைந்த புத்தகமாகக் கொடுங்கள் என்று சொல்ல வாய் வரும், அடக்கிக்கொள்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முழுப் பதிப்பு கிடைத்தது, வரைபடத்தோடு. குன்றுகள் ஓரளவுக்கு நான் போட்ட வரிசையில்தான் இருந்தன. டிராகன் எனக்கு இன்னும் வாத்தாகத்தான் தெரிந்தது. விரல் தானாக வடமேற்கு மூலைக்குப் போயிற்று. அங்கே குடிசை இல்லை.