அணைந்த பிறகுதானே ஏறுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். காணொளிப் பாடம் பற்றி வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். படம் காட்ட வழியில்லை, நீங்கள்தான் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தட்டு. அதில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எரிகிற மெழுகுவத்தி. மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிறோம். சுடர் சுருங்கி அணைகிறது. தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது.

நான் நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியன். ஏழாம் வகுப்புக்கு இந்தச் சோதனையை வீடியோவில்தான் காட்டினேன். பின்னணிக் குரல் சொன்னது: காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. நானும் பல வருடம் இதையே சொல்லி வந்தவன்தான். “புரிஞ்சுதா?” என்றேன். “புரிஞ்சுது சார்” என்று கோரஸாக வந்தது.

ஒரு பெண் மட்டும் எழுந்தாள். “சார், இன்னொரு தடவ போடுங்க.” போட்டேன். “தீ எரியும்போது தண்ணி ஏறவே இல்லையே சார். அணைஞ்ச பிறகுதான ஏறுது?”

பின்னுக்கு இழுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அவள் சொன்னது சரி. ஆக்சிஜன் தீரத் தீரத்தான் தண்ணீர் ஏறுகிறது என்றால், சுடர் எரியும்போதே மெல்ல மெல்ல ஏறியிருக்க வேண்டும். கடைசியில் ஒரே மூச்சில் ஏறுவானேன்?

மறுநாள் நிஜத் தட்டு, நிஜ மெழுகுவத்தி. டம்ளரைக் கவிழ்க்கும்போது அதன் விளிம்பில் குமிழிகள் வெளியேறுவதை முன்வரிசைப் பையன் கண்டுபிடித்தான். இரண்டு மெழுகுவத்தி வைத்தோம். தண்ணீர் இன்னும் உயர ஏறியது. அதே டம்ளர், அதே அளவு ஆக்சிஜன்! விஷயம் சூட்டில் இருந்தது. சூடான காற்று விரிந்து ஒரு பங்கு வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. செலவாகும் ஆக்சிஜனுக்குப் பதிலாகத்தான் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றனவே.

வீடியோவைக் குறை சொல்ல வரவில்லை. திருப்பிப் போட முடிந்ததால்தான் அந்தப் பெண்ணுக்கு அது கண்ணில் பட்டது. எனக்குப் பயம் அந்த “புரிஞ்சுது சார்” மேல்தான். டெரெக் முல்லர் என்பவர் 2008-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. தெளிவாக விளக்கும் இயற்பியல் வீடியோவைப் பார்த்த மாணவர்கள், நன்றாகப் புரிந்தது என்றார்கள். தேர்வில் பெரிய முன்னேற்றம் இல்லை. தவறான கருத்தை முதலில் பேசவைத்து, பிறகு அதைத் திருத்திய வீடியோ குழப்பமாக இருந்ததாம். ஆனால் மதிப்பெண் கூடியது அதைப் பார்த்தவர்களுக்குத்தான்.

நம் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. கொரோனா ஊரடங்கில் அது கைகொடுத்ததை மறக்க முடியாது. ஆனால் தொலைக்காட்சி யாருக்காகவும் நிற்காது. பாடப்புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடு வழியாக வருகிற வீடியோ நிற்கும். நான் விடை வருவதற்கு முன்பே நிறுத்திவிடுகிறேன். அடுத்து என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிய பிறகுதான் மீதி ஓடும். ஆறு நிமிட வீடியோவுக்கு ஒரு பீரியட் முழுக்கப் போய்விடுகிறது. போகட்டும்.

இன்னொன்று. விதை முளைப்பதை நாள் கணக்கில் படம்பிடித்து ஒரு நிமிடத்தில் காட்டுவது வீடியோவால்தான் முடியும். வேலியோரம் செம்பருத்தி பூத்திருக்க, மகரந்தத் தாளைத் திரையில் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

அந்தப் பெண் போன வாரம் கேட்டாள்: “அந்த வீடியோல பேசுனவங்களுக்கு இத யாரு சார் சொல்றது?” நீங்களே எழுதுங்கள் என்றேன். நான்கு பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தட்டை யார் வரைவது என்பதில்தான் இப்போது தகராறு.

வணக்கம்.