நோயாளி வீட்டில் ஒரு நோட்டு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையில் இருந்த காலத்தில் தடுப்பூசி, பிரசவம் என்று ஊர் ஊராக ஏறி இறங்கினேன். ஓய்வுக்குப் பிறகு, புற்றுநோய் வந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசுவதே என் வேலை என்றாகிவிட்டது. யாரும் என்னை நியமிக்கவில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் அவர்கள் இன்னொரு வீட்டைச் சொல்லி அனுப்புவார்கள். அந்த மாதிரி வீடுகளுக்கு எங்கே உதவி கிடைக்கும், யார் சொல்வதை நம்பலாம் என்று பேசத்தான் இன்றைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் பேனாவும் தாளும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டில் இந்த நோய் என்று தெரிந்துவிட்டால் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு சொந்தக்காரர்கள் வருவார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். சர்க்கரையை நிறுத்து என்பார் ஒருவர். சதையைக் கிள்ளி டெஸ்டுக்கு எடுத்தால் நோய் பரவிவிடும், பயாப்ஸிக்கு ஒத்துக்கொள்ளாதே என்பார் இன்னொருவர். இது தவறு. பயாப்ஸி செய்யாமல் என்ன வகைப் புற்றுநோய் என்று தெரியாது, வகை தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. இன்னும் சிலர் நோயாளிக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைக்கச் சொல்வார்கள். புற்றுநோய் தொற்றுநோய் இல்லை, நேயர்களே. கூட உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

அப்புறம் செல்போன். முள்சீத்தாப்பழம் கீமோ என்கிற புற்றுநோய் மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு பலமானது என்று ஒரு செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. குன்னூர் பக்கத்தில் ஒரு தம்பி அதைப் படித்துவிட்டு, பர்லியாரில் மலைப்பாதை ஓரப் பழக்கடைகளில் தேடித் தேடி வாங்கி வந்தான். அப்பாவுக்குக் கொடுக்க வேண்டும் என்ற பாசம்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் பழம் வேலை செய்யட்டும் என்று கீமோவைத் தள்ளிப் போட்டார்கள். திரும்ப மருத்துவமனைக்குப் போனபோது கட்டி வளர்ந்திருந்தது. அந்தச் செய்திக்கு மூலம் என்னவென்றால், ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள் மேல் அந்தச் செடியின் சாற்றை விட்டுப் பார்த்த சோதனைகள். தட்டில் செல்லைக் கொல்லும் பொருள்கள் எத்தனையோ உண்டு. மனித உடம்புக்குள் போய் நோயைக் குணமாக்கும் என்று நிரூபிப்பது வேறு. பழத்தைப் பழமாகச் சாப்பிட ஆசைப்பட்டால் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சிகிச்சைக்குப் பதிலாக வேண்டாம். பொடி, லேகியம், கேப்சூல் எது எடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிலது கீமோ மருந்தோடு சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கும்.

யார் சொல்வதை நம்புவது? நான் பார்க்கிற முறை இதுதான். சொல்கிறவர் உங்கள் ரிப்போர்ட்டைப் படித்தவரா? மார்பகப் புற்றுநோய் என்று ஒரே பெயர் சொன்னாலும் உள்ளே பல வகை. கட்டியில் ஹார்மோனைப் பிடிக்கிற இ.ஆர்., பி.ஆர்., வேகமாக வளர வைக்கிற ஹெர்-2 என்ற புரதங்கள் இருக்கின்றனவா என்று டெஸ்ட் எடுத்துப் பார்த்துத்தான் ஒருவருக்கு மாத்திரை, ஒருவருக்கு ஊசி என்று முடிவு செய்கிறார்கள். அதனால் பக்கத்து ஊர் அத்தைக்குக் கொடுத்த மருந்து உங்கள் அக்காவுக்குப் பொருந்தாமல் போகலாம், இரண்டு டாக்டர் சொன்னதும் சரியாகவே இருக்கலாம். சொல்கிறவர் எதையாவது விற்கிறாரா என்றும் பாருங்கள். முக்கியமாக, நடக்கிற சிகிச்சையை நிறுத்தச் சொல்கிறாரா என்று பாருங்கள். நிறுத்து என்று சொன்னால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் எழுந்து டீ போடப் போய்விடுங்கள்.

சரி, இப்போது நான் எல்லா வீட்டிலும் சொல்லிச் சொல்லி வாய் ஓயாத விஷயத்துக்கு வருகிறேன். நோட்டு. நாற்பது பக்க நோட்டு போதும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாதி எழுதி விட்டதுகூடப் போதும். புற்றுநோய் வந்த வீட்டில் முதலில் வாங்க வேண்டியது அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். மலையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் போகிறோம். டோக்கன் போட்டு மத்தியானம் வரை காத்திருக்கிறோம். டாக்டர் அறையில் நமக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் பயத்தில் பாதி காதில் விழாது. வெளியே வந்து மேட்டுப்பாளையம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அம்மா ஒன்று சொல்வார், மகன் ஒன்று சொல்வான். கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் கல்லாறு தாண்டும்போதுதான் ஞாபகம் வரும்.

அதனால் இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் பதில். வீட்டிலேயே கேள்வியை எழுதிவிட வேண்டும். என்ன வகை, எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது, இந்தச் சிகிச்சை குணமாக்கவா அல்லது கட்டுப்படுத்தவா, எத்தனை தடவை வர வேண்டும், கதிர்வீச்சு உண்டா? கதிர்வீச்சு என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாளாகச் சில வாரம் தொடர்ந்து போக வேண்டியிருக்கும். மலையிலிருந்து தினமும் இறங்கி ஏற முடியாது. அதனால் தங்க இடம் உண்டா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். வீட்டில் ஒருவர், ஒரே ஒருவர், நோட்டுக்குப் பொறுப்பு. நோயாளிக்கு எவ்வளவு சொல்லலாம் என்று நாமே முடிவு கட்டி மூடி மறைக்க வேண்டாம். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். பல பேருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும், நமக்காகத் தெரியாத மாதிரி இருப்பார்கள்.

இந்த நோட்டு என்ன செய்யும் என்பதற்கு ஒரு வீட்டைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தேயிலை எஸ்டேட்டில் லைன் வீடு. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடந்துகொண்டிருந்தது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள், நோட்டு அவள் பொறுப்பு. முதல் பக்கத்தில் அவள் எழுதி வைத்திருந்தது நான்கே வரி. நோயின் பெயர், மருந்தின் பெயர், வார்டு போன் நம்பர், கடைசி வரியில் சிவப்பு மையில் "காய்ச்சல் 100.4 வந்தால் உடனே வர வேண்டும், இரவானாலும்." அதை டாக்டரிடம் கேட்டு, அவர் முன்னாலேயே எழுதி, படித்துக் காட்டியும் இருக்கிறாள்.

டிசம்பர் மாதம், கீமோ போட்டு ஒரு வாரம் தாண்டியிருந்தது. இரவு அம்மாவுக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது. நம் ஊரில் டிசம்பரில் நடுங்காதவர் யார்? எல்லாரும் குளிர் என்றே நினைத்தார்கள். கம்பளியை இன்னொன்று போர்த்தி, கரியைப் பக்கத்தில் வைத்தார்கள். இந்தப் பெண் மட்டும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். 101. அப்பாயி சுக்குக் கஷாயம் வைக்கப் போனார். "விடியட்டும் தாயி, ரோட்டில் காட்டெருமை நிற்கும், கரடி நிற்கும், இந்த இருட்டில் எங்கே போவீர்கள்" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்தப் பாதையில் நிற்கும்தான். அப்பா பாரசிட்டமால் ஒன்று கொடுத்துப் பார்க்கலாம் என்றார். மகள் நோட்டை விளக்குக்குக் கீழே கொண்டுபோய் அந்தச் சிவப்பு வரியை எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். "இது நான் சொல்வது இல்லை அப்பாயி, டாக்டர் சொன்னது" என்றாள். 108க்குப் போன் போட்டார்கள், வண்டி வந்தது. ரத்தம் பார்த்தால் கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கியிருந்தன. நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். பிழைத்து வந்து, மீதி கீமோவையும் முடித்து, இப்போது மறுபடியும் கொழுந்து எடுக்கப் போகிறார்.

கீமோ போட்ட பிறகு ஏறக்குறைய 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அப்போது வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் இல்லை, சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். பாரசிட்டமால் போட்டால் காய்ச்சல் மறையும், கிருமி மறையாது. நம் மலையில் நடுக்கத்தைக் குளிர் என்று தள்ளிவிடுகிறோம், அதனால் நமக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. கீமோ நடக்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். மறுபடியும் சொல்கிறேன், 100.4. பேனா இருந்தால் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு டாக்டரிடமும் கேட்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள், முதல் டாக்டர் கோபிப்பாரோ என்று. தாராளமாகக் கேட்கலாம். போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. பயாப்ஸி எடுத்த சதையை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள், பிளாக் என்பார்கள். அதையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிப் போனால் புதிதாகச் சதை எடுக்காமலே மறுபடி பார்க்க முடியும். பெரிய ஊர் போனால்தான் சரியான வைத்தியம் என்றும் இல்லை. மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையை மையமாக வைத்து 2012இல் தேசியப் புற்றுநோய் கூட்டமைப்பு என்று தொடங்கி, நாடு முழுக்க 300க்கும் மேற்பட்ட மையங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று பொதுவான வழிகாட்டுதல் வகுத்திருக்கிறார்கள். போய்வர முடிகிற தூரத்தில் தொடங்கி, பாதியில் விடாமல் முடிப்பதுதான் பெரிது.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்றால் எல்லாருக்கும் தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கியது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் மறையும் வரை அந்த இடத்தை விட்டு அகலவில்லை. அந்த வரலாற்றை விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை, கடிகாரம் விடவில்லை.

பணத்துக்கு வருகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். சிகிச்சை தொடங்குவதற்கு முன்னாலேயே மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு உதவி மேசையில் கார்டைக் காட்டுங்கள். அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டிய விஷயம் அது. கட்டிவிட்டு அப்புறம் கேட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. சந்தேகம் என்றால் 104க்குப் போன் செய்யுங்கள். மருத்துவ ஆலோசனைக்கான அரசு எண், தமிழிலேயே பேசுவார்கள்.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. "என்ன உதவி வேண்டுமானாலும் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவது நமக்குச் சுலபம், அவர்களுக்கு வாய் திறந்து கேட்பது கஷ்டம். கட்டபெட்டுப் பக்கம் ஒரு ஊரில் பார்த்தேன். நோயாளியின் சின்னத் தோட்டத்தில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. அது காத்திருக்காது, முற்றினால் ஃபேக்டரியில் எடுக்க மாட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் கேட்காமலே முறை வைத்துப் பறித்து, எடை போட்டு, கணக்குச் சீட்டை அந்த வீட்டு ஜன்னலில் சொருகிவிட்டுப் போவார்கள். நோயைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆறு மாதமாக அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். இரண்டு விஷயம் பாக்கி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் கிடையாது, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை. டாக்டர் கையெழுத்தும் மருத்துவமனை முத்திரையும் உள்ள ரயில்வே படிவம் வேண்டும். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே வாங்கிவிடுங்கள்.

மற்றது வலி. இதற்கே தனியாக ஒரு உரை வேண்டும். புற்றுநோய் என்றால் வலியைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. கடும் வலிக்குத் தருகிற மார்ஃபின் மாத்திரை கொடுத்தால் கடைசி நேரம் என்று பயப்படாதீர்கள். டாக்டர் சொன்ன அளவில் வலிக்காகச் சாப்பிட்டால் அடிமையாகிவிடுவார்கள் என்ற பயமும் வேண்டாம். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, அது நோயாளிக்குக் கிடைக்க வழி செய்திருக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணப் பராமரிப்பு செய்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். மாத்திரையை வலி வந்த பிறகு இல்லை, சொன்ன நேரத்துக்கு நேரம் கொடுக்க வேண்டும். நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். வணக்கம்.