பூங்குழலி காட்டின கொள்ளிவாய்ப் பிசாசு உண்மையா? பொன்னியின் செல்வனில் கோடிக்கரை

நடுராத்திரி. சதுப்பு நிலம். குபீர்னு ஒரு நெருப்பு எழும்பி, அப்படியே அணையுது. கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. இந்தக் கொள்ளிவாய்ப் பிசாசுங்கதான் தன்னோட காதலர்கள்னு, கோடிக்கரையில படகோட்டுற பொண்ணு பூங்குழலி, கதாநாயகன் வந்தியத்தேவன்கிட்ட சொல்றா!

கல்கி 1950-ல தொடராத் தொடங்கின நாவல், ஐந்து பாகம். இது உங்களுக்கே தெரியும். நேரா சேத்துக்குள்ள இறங்குவோம்.

இலையும் பாசியும் காத்துப் படாம சேத்துக்கடியில அழுகும்போது மீத்தேன் உண்டாகி, குமிழ் குமிழா மேல வரும். அதோட பாஸ்பரஸ் கலந்த வாயுவும் சேர்ந்து வந்தா, காத்துப் பட்டதும் பத்திக்கும்னு விளக்கம் சொல்றாங்க.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்: இரண்டாம் பாகம், 'சேற்றுப் பள்ளம்'. பூங்குழலியைத் துரத்திட்டு ஓடுற வந்தியத்தேவன் சேத்துல மாட்டிக்கிறான். அவ்வளவு பெரிய வீரன், ஏன் ஏறி வர முடியலை? வெயில் காலத்துல சதுப்போட மேல்தோல் காய்ஞ்சு, கெட்டித் தரை மாதிரியே தெரியும். அடியில கூழ். காலை வெடுக்குனு இழுத்தா பாதத்துக்குக் கீழே வெற்றிடம் உண்டாகி, சேறு திரும்ப உறிஞ்சும். ஒரு காலை இழுக்க மறு காலை ஊன்றினா, அது இன்னும் ஆழமாப் போகும். உடம்பைச் சாய்ச்சு எடையைப் பரப்பி, காலை மெதுவா ஆட்டித் தண்ணி உள்ளே இறங்க விடணும். பதறினா போச்சு. இது தெரிஞ்சு படிங்க, அவனைக் கரையேத்தின பூங்குழலியோட துணிச்சல் எவ்வளவு பெருசுன்னு புரியும்.

நிறைய பேர் வர்ணனையைத் தாண்டிட்டு வசனத்துக்கு ஓடுறாங்க. தயவுசெஞ்சு அப்படிச் செய்யாதீங்க. இந்த நாவல்ல வழி தெரிஞ்சவங்கதான் பிழைக்கிறாங்க. வழி இருக்கிறதே வர்ணனைக்குள்ளதான்.

இரண்டாம் பாகத்தைத் திறக்கிறதுக்கு முன்னாடி செயற்கைக்கோள் வரைபடத்துல கோடிக்கரையைப் பாருங்க. வடக்கேயிருந்து வர்ற கடற்கரை அங்கே சட்டுனு மேற்கே திரும்பும். கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை, அதுக்கு அந்தப் பக்கம் இலங்கை. உள்ளே பாலை மரக்காடு, அதை ஒட்டி உப்புச் சதுப்பு. குழகர்ங்கிற சிவன் கோயிலையும் தேடுங்க. கடற்காத்து அடிக்கிற கரையில இப்படித் தனியா இருக்கியேன்னு சுந்தரர் உருகிப் பாடின இடம் அது. அங்கே சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தோட மிச்சமும் நின்னுச்சு. 2004 சுனாமி அதையும் சாய்ச்சிடுச்சு.

அப்புறம் இரண்டாம் பாகத்தோட முதல் நாலு அத்தியாயத்தை ஒரே மூச்சுல படிங்க. எந்த வரியில காலடித் தரை மாறுதுன்னு கமெண்ட்ல எழுதுங்க.