தோண்டியவர் போன பிறகு

பங்குத்தந்தை அவர்களே, பங்குப் பேரவையினரே, ஆசிரியப் பெருமக்களே, மறைபரப்பு ஞாயிறை முன்னிட்டு வேலந்தாவளத்திலிருந்தும் எருத்தேம்பதியிலிருந்தும் வடகரப்பதியிலிருந்தும் வந்து கூடியிருக்கும் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

மிஷன் பணி, கிராமத்துக் குடிநீர், கல்வி என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். மூன்றையும் தனித்தனியே புகழ்ந்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் ஒரு மிஷன் எத்தனை கிணறு தோண்டியது, எத்தனை பள்ளி கட்டியது என்று எண்ணுவது பாதிக் கணக்குதான் என்பது என் கருத்து. தோண்டியவரும் கட்டியவரும் ஊரைவிட்டுப் போன பிறகு அவற்றை நடத்த உள்ளூரில் யாரைப் பழக்கிவிட்டுப் போனார்கள் என்பது மீதிக் கணக்கு. அந்த மீதிக் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தால் தண்ணீரையும் பள்ளியையும் பிரித்து எழுத முடியாது.

நம் ஊர் நிலைமையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேரளம் என்றால் ஆறும் மழையும் என்று வெளியூரார் நினைக்கிறார்கள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவின் கிழக்குக் கோடியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் நமக்கு அந்தப் பெருமையில் பங்கு குறைவு. தமிழ்நாட்டோடு உள்ள பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும் என்பதைச் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள், ஏனென்றால் தண்ணீர் வராத ஆண்டில் அதுதான் வீட்டுப் பேச்சு. பக்கத்திலேயே பெருமாட்டிப் பஞ்சாயத்தில், பிளாச்சிமடையில், 2000இல் தொடங்கிய குளிர்பானத் தொழிற்சாலை 2004இல் மூடப்பட்டது; அதற்கான போராட்டத்தில் முன்னின்றவர் மயிலம்மா என்ற இரவாளர் பழங்குடிப் பெண். தம் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனதை நாக்கால் அறிந்து சொன்னவர் அவர். ஆய்வுக்கூடங்கள் பின்னால்தான் வந்தன.

முதலில் ஒரு பழைய வரலாறு. தென் திருவிதாங்கூரின் மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் தஞ்சாவூருக்குப் போய்க் கிறிஸ்தவராகித் திரும்பி, தம் ஊருக்கு ஒரு மிஷனரி வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் அங்கு வந்து, கோயில் கட்டி, 1809இல் பள்ளியும் தொடங்கினார். இன்றைய நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கத்தை அந்த ஆண்டில்தான் வைக்கிறது. 1816இல் உடல்நலம் குன்றி ரிங்கல்தௌபே புறப்பட்டுப் போனார். அடுத்த மிஷனரியான சார்லஸ் மீட் வந்து சேர்ந்தது 1818இல். இடைப்பட்ட காலத்தில் சபைகளும் பள்ளிகளும் குலையாமல் நின்றன என்றால், போகும்போது ரிங்கல்தௌபே பொறுப்பை வேதமாணிக்கத்திடம் விட்டுச் சென்றதே காரணம். நம் வரலாற்று நூல்களில் வெள்ளைக்கார மிஷனரிகளுக்கு ஒரு அதிகாரமும் வேதமாணிக்கம் போன்றவர்களுக்கு ஒரு பத்தியும் ஒதுக்குகிறார்கள். பக்கங்களை மாற்றிப் பங்கிட்டிருந்தால் உண்மைக்கு இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும். அதன்பின் நாகர்கோவிலில் மீட்டின் மனைவியும் மிஷனரி மால்ட்டின் மனைவியும் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தியபோது லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான்; அதற்கு முன்பே, படிப்போடு கைத்தொழிலும் அதிலிருந்து வரும் சொந்த வருமானமும் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன.

கேரளத்தில் புனித சாவறை குரியாக்கோஸ் எலியாஸ் அடிகளார் 1864இல் ஒவ்வொரு கோயிலோடும் ஒரு பள்ளி இருக்க வேண்டும் என்று பணித்ததை நீங்கள் அறிவீர்கள். அதை விரித்துச் சொல்லாமல் தண்ணீருக்கு வருகிறேன்.

1960களின் வறட்சியில் மகாராஷ்டிரத்துக் கிராமங்களில் கிணறுகள் அடியோடு வற்றின. கருங்கல்லைத் துளைக்கும் போர்வெல் வண்டிகளை வரவழைத்து ஆழ்குழாய் போட்டவர்களில் கிறிஸ்தவ மிஷன்கள் முன்வரிசையில் இருந்தன. குழாய் போட்டாயிற்று, தண்ணீரும் வந்தது. அதன் மேல் வைத்த அடிபம்புதான் நிற்கவில்லை. அது வெளிநாட்டில் ஒரு வீட்டு முற்றத்துக்காக, ஒரு குடும்பம் நாளுக்குச் சில குடம் எடுப்பதற்காக வடிவமைத்த வார்ப்பிரும்புப் பம்பின் நகல். விடியலுக்கு முன்பே வரிசை கட்டி இருட்டும்வரை ஓர் ஊரே அடித்தால் அது எத்தனை நாள் தாங்கும்? கைப்பிடி முறிந்தது, மூட்டு ஆணிகள் தேய்ந்து ஆடின, கம்பி சாய்ந்து குழாயை உரசியது. திறந்து வைத்த விழாவின் கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர் இருந்தது; பம்புக்கு வாஷர் வாங்க ஊரில் காசு இல்லை.

ஜால்னாவில் இருந்த மிஷன் பட்டறையும் பிறகு சோலாப்பூரில் இருந்த மிஷன் பட்டறையும் இந்த உடைந்த பம்புகளைக் கழற்றி வைத்துக்கொண்டு யோசித்தன. பல மூட்டுகள் இருந்த இடத்தில் ஒரே ஒரு அச்சு வைத்தார்கள். கைப்பிடியின் தலையில் வளைந்த இரும்புத் தகடு ஒன்றைப் பற்றவைத்து அதில் ஒரு சங்கிலியை மாட்டி, சங்கிலியின் நுனியில் உள்ளே இறங்கும் கம்பியைக் கோத்தார்கள். அடிப்பவர் குழந்தையானாலும் பலசாலியானாலும், நேராக அடித்தாலும் கோணலாக அடித்தாலும், சங்கிலி அந்த வளைவின் மேல் படிந்து கம்பியைச் செங்குத்தாகவே தூக்கி இறக்கும். இந்த வடிவத்தை யுனிசெஃப் எடுத்துக்கொண்டு, சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்டு க்ரூடாஸ் என்ற அரசு நிறுவனத்தோடு சேர்ந்து மெருகேற்றியதுதான் இந்தியா மார்க் 2. அதன் முன்மாதிரிகளை வைத்துச் சோதித்த இடம் வேறெங்கும் இல்லை, நமக்கு எல்லை தாண்டினால் வரும் கோயம்புத்தூர்ப் பக்கம். நீர்மட்டம் ஆழத்தில் இருப்பதால், இங்கே தாங்கினால் எங்கும் தாங்கும் என்ற நம்பிக்கை. பின்னர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் லட்சக்கணக்கான ஊர்களுக்கு அது போயிற்று. மிஷன் கை வைத்த பொருள்களில் இவ்வளவு பேரின் தாகத்தைத் தீர்த்தது வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. எத்தனையோ பேர் அடித்துத் தண்ணீர் எடுத்தும் அது எந்தச் சபையின் பட்டறையில் உருவானது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அதில் வருத்தமில்லை.

ஆனால் மார்க் 2இலும் ஒரு குறை இருந்தது. அடியில் இருக்கும் வாஷர் தேய்ந்துவிட்டால் அதை மாற்ற, முக்காலி நட்டு, முழுக் குழாயையும் துண்டு துண்டாக மேலே இழுக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், மாவட்டத்துக்கு ஒரு நடமாடும் குழு என்று மூன்றடுக்கு முறை வைத்திருந்தும், பெரிய பழுது என்றால் வேன் வரும்வரை ஊர் காத்திருந்தது. 1980களில் மீண்டும் கோயம்புத்தூர் வட்டாரத்திலேயே நடந்த சோதனைகளில் தோல் வாஷருக்குப் பதில் நைட்ரில் ரப்பர் வாஷர் வைத்துப் பார்த்தார்கள். குழாயைக் கழற்றாமலே பிஸ்டனை மேலே உருவி எடுக்கும்படி மார்க் 3ஐ அமைத்தார்கள். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்தால் பழுதைத் தாங்களே பார்த்துவிடலாம் என்ற நிலைமை அப்போது வந்தது. வெளியாள் தயவிலிருந்து ஊரார் கைக்குப் பராமரிப்பு மாறிய இடம் என்று இதைக் குறிப்பேன்.

இனி, சொல்லக் கசப்பானது. ஆழ்குழாய்த் தண்ணீர் காலராவிலிருந்தும் வயிற்றுப்போக்கிலிருந்தும் நம்மைக் காத்தது. படிக்கிணறுகளில் இறங்கித் தண்ணீர் எடுத்த காலத்தின் நரம்புச் சிலந்தி என்ற புழு நோயை நாடே ஒழித்தது, 2000இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்றும் தந்தது. அதே ஆழ்குழாய் சில இடங்களில் ஃப்ளூரைடு என்ற உப்பைக் கொண்டுவந்தது. பாறை இடுக்கில் நெடுங்காலம் தேங்கிய நீர், பாறையில் உள்ள ஃப்ளூரைடைக் கரைத்துக்கொள்கிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. கேரளத்தில் பாலக்காடும் ஆலப்புழையும் இந்தச் சிக்கல் தெரிந்த மாவட்டங்கள். நிறமில்லை, மணமில்லை, ருசியும் காட்டிக்கொடுக்காது. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். இதைப் பாட்டிமார்களிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கொதிக்க வைக்கச் சொல்லிப் பழக்கியவர்களும் நாம்தான்.

இந்த இடத்தில் பள்ளிக்கூடம் உள்ளே வருகிறது. நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில்தான் ஃப்ளூரைடு பல்லைத் தாக்கும். முளைத்து வரும்போது சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்திட்டும், கடுமையாக இருந்தால் பழுப்புக் கோடும் தெரியும். வாய்ப்பாடு ஒப்பிக்க வாய் திறக்கும் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதை முதலில் காணக்கூடியவர் ஆசிரியர். ஒரே தெருப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு அந்தக் கோடு இருந்தால் அந்தத் தெருக் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். பள்ளிக்கூரைக்கும் இதில் வேலை உண்டு. நூறு சதுர மீட்டர் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். சிந்தியது சிதறியது போக எண்ணூறாவது தொட்டியில் விழும், அதில் ஃப்ளூரைடு கிடையாது. குடிக்கவும் மதியச் சமையலுக்கும் மட்டும் அதை ஒதுக்கி வையுங்கள். இன்னொன்றும் உண்டு: வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பது பெண்பிள்ளை, கோடையில் வருகைப் பதிவேட்டில் விடுபடுவதும் அவள் பெயர்தான். தலைமையாசிரியர் ஏப்ரல் மாதத்தில் சேர்க்கை விளம்பரம் அச்சடிப்பதற்கு முன் மார்ச் மாதப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் சபைக்குள் கிணற்றுக்குச் சாதி இருந்தது. கோயிலில் தனி இடம், கல்லறையில் தனிச் சுவர் என்று இருந்த ஊர்களில் தண்ணீர் மட்டும் பொதுவாக இருந்திருக்குமா? மிஷன் தோண்டிய கிணறும் மேல்தெருவில் அமைந்தால் மேல்தெருக் கிணறாகவே போயிற்று. எனவே புதுக் குழாய் எங்கே போடுவது என்ற முடிவைப் பேரவை எடுக்கட்டும், ஆனால் கடைசித் தெருப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் எடுக்கட்டும். குழாயைக் கோயில் மதிலுக்கு வெளியே, சாலையைப் பார்த்து வைக்க வேண்டும் என்றும் சொல்வேன். தண்ணீரைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு நாட்டில் உண்டு; அதற்கு மேடையில் பதில் சொல்வதைவிட, மதிலுக்கு வெளியே யார் வேண்டுமானாலும் குடம் வைக்கும் இடத்தில் குழாயை வைப்பது சுருக்கமான பதில். ஈசாக்கு தன் தந்தையின் கிணறுகள் தூர்க்கப்பட்டிருந்ததைக் கண்டு மறுபடி தோண்டிய கதையில், இரண்டு கிணறுகளுக்காகச் சண்டை வந்தபோது அவன் விட்டுக்கொடுத்து நகர்ந்து மூன்றாவதைத் தோண்டினான் என்பதையும் நினைவில் வைப்போம்.

இனி நடைமுறை. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்கு ஐந்து பெண்களைத் தண்ணீர்ச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பழக்க வேண்டும் என்று இருக்கிறது. நம் வார்டுகளில் அந்த ஐவர் யார் என்று பஞ்சாயத்தில் விசாரித்து, அவர்களை நம் பள்ளி அறிவியல் ஆசிரியரோடு உட்கார வையுங்கள். நன்கொடை வரும்போது அதில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். அந்தப் புத்தகத்தைப் பெண்கள் குழுவிடம் கொடுங்கள்.

மாதிரி எடுக்கும் முறையைச் சொல்லி முடிக்கிறேன். மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என ஆண்டுக்கு இருமுறை எடுக்க வேண்டும். முதலில் பம்பைச் சில நிமிடம் அடித்துத் தேங்கிய தண்ணீரை வெளியேற்றுங்கள். ஃப்ளூரைடுக்குப் பிளாஸ்டிக் பாட்டில், கண்ணாடி வேண்டாம்; அதே தண்ணீரால் மும்முறை அலசி நிரப்பி, ஊர், தெரு, தேதி எழுதி ஒட்டுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் தரும் நுண்ணுயிர் நீக்கிய பாட்டிலை அலசவே கூடாது. நிரப்பி, ஐஸில் வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். முடிவு வந்ததும் அதைக் கோயில் அறிவிப்புப் பலகையில் மட்டுமல்லாமல் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள்.